சுருதிக்குச் சாட்சி சொன்ன பெண்கள்

இசையாசிரியர் சங்கங்கள் நடத்தும் ஆண்டுவிழாக் கச்சேரிகளை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மார்கழி மாதத்துச் சபாக்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மேடை நிறையச் சிறுவர் சிறுமியர். முதலில் கீதம், பிறகு வர்ணம், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் ஒரு கீர்த்தனை. முன்வரிசையில் ஆசிரியர் தொடையில் தாளம் போட்டபடி, உதடு மட்டும் அசைய, பிள்ளைகளோடு சேர்ந்து பாடிக்கொண்டிருப்பார். இடையே செயலாளரின் ஆண்டறிக்கை. பெற்றோரைத் தவிரப் பிறருக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றுவது இயல்புதான். ஆயினும் மேடையில் அமர்ந்திருக்கும் அந்த இளங்குரல் தன் திறமையைக் காட்ட மட்டும் வந்ததன்று; தன் ஆசிரியர் கற்பித்த முறை சரியானதென்று அவை முன் சாட்சி சொல்லவும் வந்தது. அத்தகைய சாட்சியத்தை, 1916ஆம் ஆண்டில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கூடிய இசைவாணர் அவையில், தமிழ்நாட்டு இளம்பெண்கள் இருவர் சொல்ல நேர்ந்தது. அந்த இருவரைப் பற்றியும், அவர்களை அங்கே அழைத்துச் சென்ற திருநெல்வேலிக்காரரைப் பற்றியும் இங்கே சிறிது பார்ப்போம்.

திருநெல்வேலிச் சீமை என்றால் பலர் தாமிரபரணிக் கரையோடு நின்றுவிடுகிறார்கள். தெற்கே கடலோரம் உவரிவரை சென்றால்தான் இச்சீமையின் சமய வாழ்வு எத்தனை அடுக்குகள் கொண்டது என்பது புலப்படும். சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துவந்து கொட்டுகிற அதே கரையில்தான் அந்தோனியார் கோயிலும், கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட மாதா கோயிலும் நிற்கின்றன. கடலோரத்துக் கத்தோலிக்கம் 16ஆம் நூற்றாண்டில் வேர்கொண்டது. உள்நாட்டில் சீர்திருத்தச் சபை பரவியது அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்தி. இந்தப் பின்வந்த சபையே தமிழ்க் கீர்த்தனையைத் தன் வழிபாட்டின் நடுவில் வைத்துக்கொண்டது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றவர் சுவார்ட்ஸ் ஐயர். அங்கே பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு பழகி வளர்ந்த சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். பொருநைக் கரையிலிருந்து காவிரிக் கரைக்குப் பாட்டோடு போன இந்த வழியில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இன்னொருவர் நடந்தார். அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

பண்டிதர் 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டம். 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இன்று அவ்வூர் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவம் கற்றதாகச் சொல்வார்கள். பிறகு தஞ்சையில் பெண்கள் பள்ளி ஒன்றில் தாமும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியர்கள். சில ஆண்டுகளில் பள்ளி வேலையை விட்டு மருத்துவத்தில் இறங்கினார். கருணானந்தர் பெயரால் செய்த மருந்துகள் கடல் கடந்தும் விற்றன. வேளாண்மைப் பண்ணை, அச்சகம் என்று செல்வம் பெருகியது. 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் அளித்தது. இவ்வளவும் ஒருபுறம் இருக்க, இந்த மனிதர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இசையை அவர் அணுகிய விதத்தில் வித்துவானின் கர்வத்தைக் காட்டிலும் வாத்தியாரின் பிடிவாதமே மிகுதி: கணக்கு ஒத்துவர வேண்டும், பிள்ளைக்கு விளங்க வேண்டும், விளங்கியதைப் பிள்ளை செய்து காட்டவேண்டும்.

அந்நாளைய இசைக் கல்வியின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்து, அவர் மனம் வந்தபோது சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொள்வதே முறை. உருப்படிகள் ஏட்டிலும் நினைவிலும் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டை உடைத்த முதன்மையான நூல்களுள் ஒன்றும் அன்றைய திருநெல்வேலிச் சீமையிலிருந்தே வந்தது. எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவான் சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளையும் பிறவற்றையும் ஸ்வரப்படுத்தி 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேற்றினார். அம்முதியவரை அதற்கு இசையச் செய்ததில் பெரும்பங்கு, மேலைநாட்டுக் குறியீட்டில் நம் இசையை அச்சிட்டுக் கண்ணொளியையும் கைப்பொருளையும் இழந்த சின்னசாமி முதலியாருக்கு உண்டு. அவரும் கிறித்தவரே.

1912 மே மாதம் 27ஆம் நாள் பண்டிதர் தஞ்சையில் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் 1883இலேயே காயன சமாஜத்தின் கிளை தோன்றியிருந்தது. ஆகவே சங்கம் அமைப்பது புதிய செய்தியன்று. பண்டிதர் செய்தவற்றுள் புதியது, பாடுகிறவர்களையும் வீணை வாசிப்பவர்களையும் நாகசுரக்காரரையும் கதாகாலட்சேபம் செய்பவரையும் சாத்திரம் படித்தவரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, 'நீங்கள் பாடுகிற இந்த ராகத்துக்கு என்ன ஸ்வரம், அந்த ஸ்வரத்துக்கு என்ன அளவு?' என்று கேட்டது. 1912க்கும் 1916க்கும் இடையில் இச்சங்கம் ஏழு மாநாடுகளை நடத்தியது. வந்தவர்களின் வழிச்செலவும் சாப்பாடும் தங்குமிடமும் பண்டிதர் கைப்பணம். வித்துவான்களை வாதத்துக்கு இழுப்பதென்பது இன்றுகூட எளிதில்லை. ஒருவர் பாடாந்தரத்தை மற்றவர் குறை சொன்னால் அது குருநிந்தை ஆகிவிடும். அந்தச் சிக்கலைத் தம் வீட்டுச் சாப்பாட்டாலும் தம் கணக்குப் புத்தகத்தாலும் பண்டிதர் சமாளித்திருக்கிறார் என்றே நமக்குப் படுகிறது.

அந்தக் கணக்கு என்ன? இசை இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது.

ஒரு தந்தியின் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம் பிறக்கும். அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமமாக வைத்து அதற்கு ஒரு பஞ்சமம், அதற்கும் ஒரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய சட்ஜமத்துக்கே வந்துசேர வேண்டும். ஆனால் சேராது. ஏழு ஸ்தாயிக்கு அதிர்வு 128 மடங்கு ஆகவேண்டும். பன்னிரண்டு பஞ்சமங்களைப் பெருக்கினால் 129.75 மடங்குக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்தச் சிறு மிச்சத்தை என்ன செய்வது என்பதே உலகத்து இசைக் கணக்கர்கள் எல்லாரையும் ஆட்டிவைத்த கேள்வி. வடமொழிச் சாத்திரங்கள் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்றன; 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' இதற்குப் பெரிய ஆதாரம். பண்டிதர் இதை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையையும் அதன் உரைகளையும் எடுத்துக்கொண்டு, பழந்தமிழர் ஸ்தாயியைச் சம அளவுள்ள 12 பங்காகவும், அவற்றை இரட்டித்து 24 ஆகவும், மேலும் 48, 96 ஆகவும் பகுத்தார்கள் என்றார். ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்ற நான்கும் இந்த நான்கு பகுப்புகளே என்பது அவர் கட்சி.

ஒரு தடை எழும். சிலப்பதிகார உரைகள் சொல்லும் அலகுகளைக் கூட்டினாலும் 22தானே வருகிறது? குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. இதற்குப் பண்டிதர் தந்த விடை அழகானது. கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடுவது அந்நாளைய மரபு. குறைத்த இரண்டையும் திருப்பி வைத்தால் 4, 4, 4, 2, 4, 4, 2 என்றாகி 24 வருகிறது. இவ்வரிசையைப் பார்த்தவுடன் முழுச்சுரமும் அரைச்சுரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. கேள்விக்குரிய ஓரிடத்தைத் தம் கட்சிக்கே சான்றாக மாற்றிக்கொள்ளும் இந்த வாதத்திறம் அவரை மறுக்கிறவர்களும் ஒப்புக்கொள்ளக் கூடியது.

தஞ்சையில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. அரசர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட். அவர் நாட்டில் 1886 முதலே மௌலா பக்ஷ் தொடங்கிய இசைப்பள்ளி நடந்துவந்தது. அக்காலத்தில் அங்கே திவானாக இருந்த வி. பி. மாதவராவ் கும்பகோணத்துக்காரர். பண்டிதர் பாத்கண்டே முன்னின்று நடத்திய முதல் அகில இந்திய சங்கீத மாநாடு 1916 மார்ச் 20 முதல் 24 வரை அங்கே கூடியது. நீதித்துறையில் பணியாற்றிய கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேயரும், சாங்கிலியைச் சேர்ந்த தேவல் என்பவரும் 22 சுருதிக் கட்சி. தங்கள் கணக்குப்படி சுருதிகளை ஒலிக்கும் ஹார்மோனியம் ஒன்றையே அவர்கள் வடிவமைத்திருந்தார்கள். அந்த வாத்தியமும் மாநாட்டில் விவாதப் பொருளாயிற்று.

ஹார்மோனியத்துக்கு எதிரே பண்டிதர் கொண்டுபோனது தம் வீட்டுப் பெண்களை. மகள் மரகதவல்லியும், குடும்பத்தைச் சேர்ந்த கனகவல்லியும் பாடியும் வீணை வாசித்தும் 24 சுருதிகளை அவைக்குக் காட்டினார்கள். இது எவ்வளவு கடினமான வேலை என்பதை வீணை தெரிந்தவர்கள் அறிவார்கள். மெழுகில் பதித்த மெட்டுகள் ஸ்தாயிக்குப் பன்னிரண்டுதான். இரண்டு மெட்டுகளுக்கு நடுவே உள்ள கால் சுரத்தைத் தந்தியை இழுத்தே பிடிக்க வேண்டும், பிடித்ததை நடுங்காமல் நிறுத்த வேண்டும். குரலுக்கு அந்த மெட்டின் துணையும் இல்லை. ராகம் பாடும்போது பாவத்தில் கரைந்துபோகும் நுண்மையைத் தனியே பிரித்து, இதோ ஒன்று, இதோ அடுத்தது என்று அடுக்கிக் காட்ட வேண்டும். எதிரே அமர்ந்திருந்தவர்களோ தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த வடநாட்டு உஸ்தாத்துகளும் சாத்திர விற்பன்னர்களும். அவர்களில் பலருக்கு இப்பெண்களின் இசையே அயலானது.

பரோடாவுக்குத் தஞ்சை இசை அதுவே முதல்முறையன்று. 1880இல் சயாஜிராவ் தஞ்சை மராட்டியக் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்தபோது, மணமகளோடு தஞ்சையிலிருந்து நடனப் பெண்களும் நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரர்களும் சீதனமாகப் போனார்கள். அரண்மனையின் கலைஞர் துறையில் அவர்கள் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே ஊருக்குத் தஞ்சையிலிருந்து பெண்கள் மீண்டும் இசையோடு சென்றார்கள். இம்முறை மாநாட்டின் விவாதத்தில் பங்குகொள்பவர்களாக. இந்த இரண்டு பயணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

அந்நாளில் தமிழ்நாட்டில் பெண் அரங்கேறிப் பாடுவதென்றால் அது தேவதாசி மரபினருக்கு உரியதாகவே இருந்தது. வீணை தனம்மாள் போன்ற மேதைகள் அம்மரபில் தோன்றியவர்கள். 1890களில் தொடங்கிய சதிர் எதிர்ப்பு இயக்கம் அவர்கள் மேடையையே கேள்விக்குள்ளாக்கியது. அந்த எதிர்ப்பில் கிறித்தவ மிஷன்களுக்கும் பங்குண்டு. மற்றக் குடும்பங்களில் பெண்கள் பாடக் கற்றாலும் வீட்டுக்குள்தான், கொலுவுக்கும் நலங்குக்கும்தான். டி. கே. பட்டம்மாள் பிறந்ததே 1919இல். திருவையாற்று ஆராதனையில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்கள் பாடுவதற்கு பெங்களூர் நாகரத்தினம்மாள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்தச் சூழலில் ஒரு கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள், தந்தையின் அருகே அமர்ந்து, அரசரின் ஆதரவில் கூடிய அவையில் வீணையை எடுத்தார்கள். அதைக் கச்சேரி என்று சொல்லாமல் 'நிரூபணம்' என்று சொன்னதனால்தான் அது தடையின்றி நடந்தது என்று கருத இடமுண்டு. ஆராய்ச்சியின் போர்வை பெண்ணின் குரலுக்கு ஒரு கௌரவத்தைத் தந்தது. ஆனால் அப்போர்வையே அவர்களை மறைத்தும்விட்டது. பண்டிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பரோடா வெற்றியைச் சொல்கிறார்கள். பாடியவர்களின் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. அவர்கள் எந்த வயதில் கற்கத் தொடங்கினார்கள், கால் சுரத்தைக் காதுக்குப் பழக்க எத்தனை காலை நேரங்கள் ஆயின என்பன போன்ற கேள்விகளை யாரும் எழுப்பக் காணோம்.

அவர்கள் பாடியது எதை நிரூபித்தது என்ற கேள்வியையும் தட்டிக் கழிக்க முடியாது. இங்கே நாம் பண்டிதரின் அன்பர்களோடு சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 24 சுருதியைச் சொல்லிக்கொடுத்தால் அது 24 சுருதியைப் பாடும். அப்படிப் பாட முடியும் என்பது உறுதியாகும். இளங்கோ காலத்து இசை அந்த அளவில்தான் இருந்தது என்பது அதனால் உறுதியாகாது. தேவலின் ஹார்மோனியத்துக்கும் இதே குறை உண்டு. 22 ஒலிகளைக் கட்டிவைத்த பெட்டி 22 ஒலிகளைத்தான் தரும். கமகத்தோடு பாடும் குரலில் சுருதி ஒரு புள்ளியில் நிற்பதில்லை, ஒரு பரப்பில் அசைகிறது என்பதைக் கணினி கொண்டு அளந்து இன்று காட்டுகிறார்கள். அந்த வகையில் இரு கட்சிக்கும் முழு வெற்றி இல்லை. ஆனால் கேட்டுப் பார்த்து முடிவு செய்வோம் என்று அவையைக் கூட்டியதும், ஏட்டுச் சுவடியின் அதிகாரத்தைக் காதின் முன் கொண்டுவந்து நிறுத்தியதும் சிறிய செயல்கள் அல்ல. தமக்கு எதிரான வாதத்தையும் எதிரிலேயே அமரவைத்துக் கேட்கும் துணிவு நம் இசை உலகில் அதற்கு முன்னும் பின்னும் அரிதாகவே தென்பட்டிருக்கிறது.

பரோடாவிலிருந்து திரும்பிய மறு ஆண்டு, 1917இல், 'கருணாமிர்த சாகரம்' 1,300க்கு மேற்பட்ட பக்கங்களோடு பண்டிதரின் சொந்த அச்சகத்திலிருந்து வெளிவந்தது. 1919 ஆகஸ்ட் 31இல் அவர் காலமானார். ஏழு மாநாடுகளோடு தஞ்சைச் சங்கத்தின் கூட்டங்கள் முடிந்துபோயின. ஒருவரின் பணமும் ஒருவரின் பிடிவாதமும் தாங்கிய சங்கங்களுக்கு இதுவே நேர்கிறது. பாத்கண்டேயின் மாநாடுகள் 1918இல் தில்லி, 1919இல் காசி என்று தொடர்ந்து, 1926இல் லக்னோவில் இசைக் கல்லூரியாகக் கனிந்தன. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்யப் பிறர் வந்தார்கள். 1927ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரஸையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது. 1931இல் அது இசையாசிரியர்களுக்கென்று தனிக் கல்லூரியையே தொடங்கியது. 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வந்தது. தாமிரபரணிக் கரையின் அரிகேசநல்லூரில் பிறந்த முத்தையா பாகவதர் மதுரையில் தியாகராஜ சங்கீத வித்யாலயத்தை நடத்தினார். அங்கே பயின்ற பிள்ளைகளுள் ஒருவர் மதுரை மணி ஐயர். அதே ஆற்றின் கரையிலுள்ள காருக்குறிச்சியில் பிறந்த அருணாசலம் எந்தப் பள்ளிக்கும் போகாமல் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பின்தொடர்ந்தே நாகசுரத்தின் உச்சியைத் தொட்டார். சங்கமும் கல்லூரியும் இல்லாமலும் இசை வளர்கிறது என்பதற்கு அவரைக் காட்டுவார் உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு ராஜரத்தினம் பிள்ளை கிடைப்பார்?

பண்டிதரின் வீட்டில் இசை நின்றுவிடவில்லை. மகன் வரகுணபாண்டியன் வீணையும் தமிழிசை ஆராய்ச்சியுமாக வாழ்ந்தார். விபுலாநந்தரின் 'யாழ்நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறிய மூன்றாம் ஆண்டு, 'பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல்' என்ற தம் நூலை வெளியிட்டு, பழைய யாழ் மறைந்து போகவில்லை, நாம் வீணை என்று சொல்வது அதுவே என்று அவர் வாதிட்டார். விபுலாநந்தருக்கு எதிர்நிலை அது. வாதம் அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து போலும்.

'கருணாமிர்த சாகரம்' முதல் புத்தகத்தோடு முற்றுப்பெறவில்லை. சுருதிகளைப் பற்றிச் சொல்லி முடித்த பண்டிதர், ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகத்தை அச்சில் காணாமலே போய்விட்டார். அதன் கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு தீர்ந்தும் தீராத 1946இல் அது நூலாக வந்தது. வெளியிட்டவர் பெயர் மரகதவல்லி துரைப்பாண்டியன். பரோடாவில் தந்தையின் கணக்குக்குக் குரல் கொடுத்த அதே மரகதவல்லி.